மணமாகாதவர் மட்டும்

சென்னையின் மேற்கே: ஆலைகளும் ஆட்களும் – 9

சென்ற இதழ்வரை நாம் சுற்றிவந்த ஆலைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1951இல் சைக்கிள் செய்யத் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. ஆலை, 1959இல் வந்த டன்லப், 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள், 1965இல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. இவற்றின் வாயிற்கூட்டங்களில் பேசியவர்கள் ஆண்கள். நின்று கேட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அம்பத்தூரின் ஆயத்த ஆடை நிறுவனங்களில் பெண்கள் வரிசையாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தது பிற்பாடு நடந்த கதை.

ஊர் வழக்கம், குடும்பம், படிப்பு என்று இதற்குப் பல காரணம் சொல்லலாம். ஆனால் சட்டமே போட்ட பூட்டு ஒன்றும் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. மாநில அரசு கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்த 1919ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிய உடன்படிக்கைகளில் ஒன்று பெண்களின் இரவு வேலையைத் தடுப்பது. நம்முடைய 66ஆம் பிரிவு அதன் வழி வந்தது. பெண்ணின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் எண்ணித்தான் எழுதினார்கள். ஆனால் மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில், ஒரு ஷிப்டுக்கு மட்டுமே வரக்கூடிய ஆளை எந்த முதலாளி எடுப்பார்?

இந்தப் பூட்டைத் திறந்தது சென்னை உயர் நீதிமன்றம். பஞ்சாலைப் பெண் தொழிலாளர் ஒருவர் தொடுத்த வசந்தா வழக்கில், 2000 டிசம்பர் 8ஆம் தேதி, நீதிபதி இ. பத்மநாபன் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வேலைவாய்ப்பைப் பறிக்க முடியாது. பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைச் செய்துகொடுக்க வேண்டியது ஆலையின் கடமை. இதுதான் தீர்ப்பின் சாரம். இரவு வேலைக்குப் பெண்களைத் தனியாக அழைக்காமல் குழுவாக வேலையில் வைப்பது, வீடுவரை வாகனம், ஓய்வறை, பாலியல் தொல்லைக்கு எதிரான ஏற்பாடு என்று நிபந்தனைகளின் நீண்ட பட்டியலையும் நீதிமன்றமே எழுதிக்கொடுத்தது. தமிழகத் தொழில் வரலாற்றில் பெரிய திருப்பங்களில் ஒன்று இந்தத் தீர்ப்பு. அதற்குரிய இடத்தை நம் வரலாற்று நூல்கள் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரு நெடுஞ்சாலையின் இரு பக்கமும் மாறியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. தைவானின் ஃபாக்ஸ்கான் வந்தது. செல்போன் பாகம் பொருத்தும் லைன்களில் பகலும் இரவும் நின்றவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வந்தவர்கள். பிறந்த வீட்டிலிருந்து முதன்முறையாக வெளியே வந்து, சொந்தக் கணக்கில் சம்பளம் வாங்கிய தலைமுறை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. வேறு எந்த மாநிலமும் அருகில்கூட வரவில்லை. இது பெருமைப்பட வேண்டிய எண். பெருமைப்பட்டுக்கொண்டே, அந்தப் பெண்கள் எந்தப் பெண்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பூந்தமல்லி நம் தொடருக்குள் வருகிறது. இந்தக் கதையில் பூந்தமல்லிக்கு ஆலை இல்லை. தங்கும் இடம் இருக்கிறது. நெடுஞ்சாலை கிளம்பும் ஊர். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் திருமழிசை, வெள்ளவேடு, ஸ்ரீபெரும்புதூர். இந்தச் சுற்றுவட்டாரக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பெண்கள் ஹாஸ்டல்களாகின. கான்ட்ராக்டர் இடத்தைப் பிடிப்பார், ஆட்களை நிரப்புவார், சாப்பாடு போடுவார். கம்பெனி பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து இறக்கும். இரவு வேலை செய்யும் பெண்ணைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன நிபந்தனையைத் தொழில் இப்படித்தான் செய்து முடித்தது. ஹாஸ்டலிலிருந்து லைனுக்கு, லைனிலிருந்து ஹாஸ்டலுக்கு. இந்த ஏற்பாட்டில் புருஷன், பிள்ளை, வீடு ஆகியவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே அவை உள்ள பெண்ணுக்கும் இடமில்லாமல் போனது.

இந்த முறை திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. கொங்கு வட்டாரப் பஞ்சாலைகளிலும் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளிலும் அதற்கு முன்பே ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இது ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகாத பெண்ணை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை வளாகத்து விடுதியில் தங்கவைத்து, ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கல்யாணச் செலவுக்காகும் என்று பெற்றோர் அனுப்பிவைத்தார்கள். பெண்ணின் கல்யாணத்தை வேலையின் முடிவுநாளாக வைத்துக் கணக்குப்போடும் பழக்கம் நம் ஊரில் நன்றாக வேரூன்றிய பிறகுதான் செல்போன் ஆலைகள் வந்தன.

2021 டிசம்பர் 15. ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூர் ஹாஸ்டலில் சாப்பாடு விஷமானது. 250க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யார் எந்த ஆஸ்பத்திரியில், எப்படி இருக்கிறார்கள் என்று அறைத்தோழிகளுக்கு ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. சிலர் திரும்பி வரவில்லை, செத்துப்போனார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. செய்தி பொய். ஆனால் அந்தப் பொய் அத்தனை சீக்கிரம் நம்பப்பட்டது ஏன் என்பதைத்தான் வரலாறு எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாயில் படுத்தவள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சங்கம் இல்லை. கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டர், கான்ட்ராக்டரைக் கேட்டால் வார்டன்.

டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னை–பெங்களூரு சாலை மறுநாள் பகலிலும் அடைபட்டுக் கிடந்தது. தலைவர் கிடையாது, கொடி கிடையாது. அமைச்சர்கள் பேசினார்கள். காஞ்சிபுரம் ஆட்சியர் மா. ஆர்த்தி சாலைக்கே வந்து பேசினார். காவல் துறை 67 பெண்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டது. ஆலை மூடப்பட்டது.

பிறகு வெளிவந்த விவரங்கள் வயிற்றைக் கலக்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையலறையில் எலிகளையும் மோசமான கழிவுநீர் வடிகாலையும் கண்டு அதை மூடினார்கள். ஒரு அறையில் 6 பேர் முதல் 30 பேர்வரை தரையில் படுத்திருந்ததாகவும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வரவில்லை என்றும் தொழிலாளர்கள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அப்போது அவர்களுடைய மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து கான்ட்ராக்டருக்குக் கட்ட வேண்டும். டிசம்பர் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைப்பதாக அறிவித்தது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாக ஃபாக்ஸ்கான் சொன்னது. 2022 ஜனவரி 12இல் ஆலை சில நூறு பேரோடு மறுபடி திறந்தது.

அரசும் பாடம் கற்றது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரிய குடியிருப்பை 706.50 கோடி ரூபாய் செலவில் முடித்து, 2024 ஆகஸ்ட் 17இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் மேடையில் இருந்தார். எலி ஓடிய சமையலறையிலிருந்து இது எவ்வளவோ தூரம். மனதார வரவேற்கிறேன். ஆனால் படுக்கை நல்லதாக மாறியதே தவிர, அந்தப் படுக்கைக்கு வரக்கூடியவள் யார் என்ற விதி அப்படியே இருந்ததா என்ற கேள்வி, திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே எழுந்துவிட்டது.

2024 ஜூன் 25ஆம் தேதி ராய்ட்டர்ஸ் ஒரு நீண்ட புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் பாகம் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களைத் திட்டமிட்டே தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். 2023 மார்ச்சில் வேலை கேட்டுப்போன அக்கா தங்கை இருவரை வாசல் காவலர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றதும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளில் வேலை செய்தவர்கள் 17 பேரும், கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்தவர்கள், இருப்பவர்கள் என்று 4 பேரும் இந்த விதியை உறுதிசெய்ததாகச் செய்தி சொன்னது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். மெட்டி, தாலி போன்ற நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்றும் ஒரு காரணம். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ஆள் போதாமல் இந்த விதியைத் தளர்த்திக்கொண்டார்களாம். இந்தத் தகவல் ஒன்றே மற்றக் காரணங்களையெல்லாம் உடைத்துவிடுகிறது. ஆர்டர் குவியும்போது கல்யாணமானவள் கை ஓடுகிறதென்றால், ஆர்டர் குறைந்ததும் அவள் கைக்கு என்ன ஆகிவிடுகிறது?

கம்பெனியின் பதிலையும் சொல்வதுதான் நியாயம். பாகுபாடு காட்டவில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. அண்மையில் எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் கல்யாணமான பெண்கள் என்றும், உலோகம் அணியக் கூடாது என்பது ஆண், பெண், மதம் பாராமல் எல்லோருக்குமான பாதுகாப்பு விதி என்றும் அரசுக்குத் தெரிவித்தது. 2022இல் ஆள்சேர்ப்பில் குறைகள் தெரியவந்ததும் சரிசெய்ததாக ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் கூறின. செய்தியில் சொல்லப்பட்ட நிகழ்வுகளோ 2023லும் 2024லும் நடந்தவை. செய்தி வந்த பிறகு, வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை பற்றிய வரிகளை எடுத்துவிடும்படி ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, அதற்குக் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பம்பாய் வழக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்ரீபெரும்புதூர் வாசலில் 2023இல் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாவற்றுக்கும் உச்ச நீதிமன்றம் 1965லேயே பதில் சொல்லிவிட்டது.

இன்டர்நேஷனல் ஃப்ரான்சைசஸ் என்ற மருந்துக் கம்பெனி. அதில் மருந்தை அடைத்து லேபிள் ஒட்டும் பிரிவில் பெண்கள் வேலை செய்தார்கள். கல்யாணமானால் அன்றோடு வேலை தானாகவே முடிந்தது என்பது அந்தப் பிரிவின் விதி. பாம்பே லேபர் யூனியன் எதிர்த்தது. தொழில் தீர்ப்பாயம் யூனியனுக்கு எதிராகச் சொன்னது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. கம்பெனி சொன்ன வாதம்: இது குழுவாகச் செய்யும் வேலை, ஒருத்தி வராவிட்டால் மொத்தக் குழுவும் நின்றுபோகும், கல்யாணமானவர்கள் அதிகம் லீவு எடுப்பார்கள். நீதிபதி வாஞ்சூ எழுதிய தீர்ப்பு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. கல்யாணமானவர்கள் மற்றவர்களைவிட அதிகம் லீவு எடுப்பார்கள் என்பதற்குச் சான்று எங்கே? பேறுகால விடுப்பு ஒன்றுதான் வித்தியாசம். அதற்குக் கூடுதலாகச் சில ஆட்களை வைத்துக்கொண்டால் போதும். கல்யாணமானால் கைவேகம் குறையும் என்று யார் சொன்னார்கள்? விதவைப் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கலாமே, அவளை எடுக்கத் தடையில்லையே? விதி செல்லாது என்றது நீதிமன்றம்.

மருந்துப் புட்டிக்குப் பதிலாக ஐபோனைப் போட்டுப் படியுங்கள். அதே குழு வேலை, அதே லீவுக் கணக்கு. அந்த வழக்கில் ஒன்றே ஒன்று இருந்தது, இங்கே இல்லை. அது யூனியன்.

பம்பாய் மட்டும் இப்படி இருக்கவில்லை. பிரிட்டன் தன் அரசு ஊழியர் பணியில் இருந்த திருமணத் தடையை 1946இல்தான் நீக்கியது. அயர்லாந்து அரசுப் பணியில் அது 1973வரை இருந்தது. கல்யாணமானால் விலக வேண்டும் என்ற சுமிட்டோமோ சிமென்ட் கம்பெனியின் விதியை டோக்கியோ நீதிமன்றம் ரத்து செய்தது 1966 டிசம்பரில். நம் நாட்டில் அரசே இதைச் செய்துகொண்டிருந்தது. சென்னையில் படித்து, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய அரசின் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். செய்த பிறகு ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் வழக்குப் போட்டார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். மனைவியின் வீட்டுப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் கணவனின் பொறுப்பும் இடைஞ்சல்தானே என்ற பொருளில் அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எந்த நிர்வாகமும் பதில் சொன்னதில்லை.

எல்லாத் தீர்ப்பும் ஒரே திசையில் போகவில்லை. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த நர்கேஷ் மீர்சா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை முடியும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை மட்டும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது என்றெல்லாம் சொல்லி விட்டுவைத்தது. வருத்தமான தீர்ப்பு. கல்யாணம் செய்ததற்காக 1988இல் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து அனுப்பப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரி 14இல். ஃபாக்ஸ்கான் செய்தி வருவதற்கு நாலு மாதம் முன்பு. முப்பத்தாறு ஆண்டு கழித்து வந்த நியாயம்.

முத்தம்மாவும் செலினா ஜானும் அரசின் மேல் வழக்குப் போட்டவர்கள். அரசியல் சட்டத்தின் 14, 15, 16ஆம் பிரிவுகள் அவர்களுக்குக் கைகொடுத்தன. தனியார் ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அவை நேரடியாகக் கைகொடுப்பதில்லை. அவள் கையில் இருந்தது 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம். ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்ணுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அதன் 5ஆம் பிரிவு. 1987இல் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். மீறி ஆள் எடுத்தால் 10,000 முதல் 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் திருமண நிலை என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. பெண்களைத்தான் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோமே, பெண்ணுக்கு எதிராக என்ன பாகுபாடு என்று கம்பெனி கேட்கலாம். கல்யாணமான ஆணை எடுத்துக்கொண்டு கல்யாணமான பெண்ணைத் தள்ளினால் அது பெண் என்பதற்காகத் தள்ளியதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். ஆனால் அதை ஒரு நீதிமன்றத்தில் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது. எழுத்தில் இல்லாத மறுப்பை, வாசலோடு முடிந்துபோன ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒருத்தி தனியாக நிறுவுவது எப்படி?

செலவு பற்றிய வாதத்தையும் பார்த்துவிடுவோம். கல்யாணமானவளை எடுத்தால் 26 வாரம் பேறுகாலச் சம்பளம் கொடுக்க வேண்டுமே, கம்பெனிக்குக் கட்டுமா என்று நம் வீடுகளில்கூடப் பேசுகிறோம். மாதம் 21,000 ரூபாய்வரை வாங்கும் தொழிலாளர் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருகிறார். லைனில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான். அவர்களுடைய பேறுகாலச் சம்பளத்தை 26 வாரமும் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம். கம்பெனி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதச் சந்தா, தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம். ஆண், பெண், கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் இதே கணக்கு. ஆக, கல்யாணமான பெண்ணைத் தள்ளிவிடுவதால் பேறுகாலச் சம்பளத்தில் கம்பெனிக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்பது செலவுதான். ஆனால் பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு அது பெரிய பாரமா?

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. கல்யாணமான பெண்ணுக்கு இந்த வட்டாரத்திலேயே வீடு இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் ஹாஸ்டல் பூட்டுக்குள் போக மாட்டாள். ஓவர்டைம் என்றால் முடியாது என்பாள். முக்கியமாக, அவள் நீண்ட நாள் இருப்பாள். இருபது வயதில் வந்து இரண்டு மூன்று ஆண்டில் கல்யாணமாகிப் போய்விடும் பெண்ணுக்கு சீனியாரிட்டி சேராது, சங்கம் வைக்க நேரமிருக்காது, பெர்மனென்ட் கேட்க மாட்டாள். அவளுக்குப் பதிலாக அடுத்த பஸ்ஸில் இன்னொருத்தி வருவாள். ஊரும் உறவும் சேர்ந்து பெண்ணை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவதால், ஆட்குறைப்பு நோட்டீஸ் கொடுக்கும் வேலைகூடக் கம்பெனிக்கு மிச்சம்.

செய்தி வந்ததும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாகவே எடுத்துக்கொண்டது. ஜூலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் கொடுத்த கணக்கின்படி ஆலையில் 33,360 பெண்கள். அவர்களில் கல்யாணமானவர்கள் 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம். உள்ளே வேலை செய்யும் கல்யாணமான பெண்கள் 21 பேரை அதிகாரிகள் விசாரித்தார்கள். சம்பளத்திலும் பதவி உயர்விலும் எங்களுக்குப் பாகுபாடு இல்லை என்று அவர்கள் சொன்னதாக அறிக்கை கூறியது.

அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். கேட்ட இடம்தான் தப்பு. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவளைப் பற்றிய புகாருக்கு, வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவளிடம் சாட்சி கேட்டால் என்ன கிடைக்கும்? இதையேதான் மனித உரிமை ஆணையமும் 2024 நவம்பரில் சொன்னது. ஆள்சேர்ப்பு ஆவணங்களைப் பார்க்காமல் இப்போது வேலையில் இருப்பவர்களின் வாக்குமூலத்தை மட்டும் நம்பியது போதாது, முறையாக மறுபடி விசாரியுங்கள் என்று உத்தரவிட்டது.

2025 நவம்பர் 21இல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. சம ஊதியச் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அதன் 3ஆம் பிரிவு ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. திருமண நிலை என்ற சொல் அதிலும் இல்லை. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 43ஆம் பிரிவு, பெண் சம்மதித்தால் நாடு முழுவதும் எல்லா நிறுவனங்களிலும் இரவு வேலை செய்யலாம் என்கிறது. வசந்தா வழக்கு இங்கே திறந்த கதவு இருபத்தைந்து ஆண்டு கழித்து நாட்டுக்கே சட்டமாகியிருக்கிறது. அந்தக் கதவு வழியாகக் கல்யாணமானவளும் போகலாம் என்று எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

டெல்லி எழுதும்வரை கோட்டை காத்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவை ஒரு சிறிய திருத்தம் செய்தது. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்ற திருத்தம் அது. அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்தார். அதே கையால், ஆள் எடுப்பதில் திருமண நிலை பார்ப்பது குற்றம், ஏஜென்சி செய்தாலும் கம்பெனியே பொறுப்பு, விண்ணப்பித்தவர்களின் பதிவேட்டை ஆய்வாளருக்குக் காட்ட வேண்டும் என்று மூன்று வரி சேர்க்க முடியும். தன் ஊழியர்களுக்கு 2021இலிருந்து பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு கொடுக்கும் அரசு இது. தனியார் ஆலை வாசலில் நிற்கும் பெண்ணுக்கும் அந்த அரசுதான்.

அதே பேரவை 1981இல் செய்த இன்னொரு சட்டமும் உண்டு. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற சட்டம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இன்றும் நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த 480 நாட்களின் கதை அடுத்த இதழில்.